வண்டி நலம்

எங்கள் டிப்போவில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு கம்ப்ளைண்ட் நோட்டு உண்டு. வண்டியில் என்ன கோளாறு என்று எழுதுவதற்கான நோட்டு. அதில் யாரும் கோளாறை எழுத மாட்டார்கள். எழுதினால் விதிப்படி வண்டியை நிறுத்திப் பழுது பார்க்க வேண்டும். நிறுத்தினால் மாற்று வண்டி கிடையாது, மலையில் இருப்பவர்கள் மலையிலேயே இருக்க வேண்டியதுதான். பிரேக் விஷயத்தில் மட்டும் விளையாட மாட்டோம், அதை எழுதிவிடுவோம். மற்றதையெல்லாம் வாயால் சொல்லிக் கைமாற்றிவிட்டு, நோட்டில் "வண்டி நலம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது எங்கள் வழக்கம்.

இப்படிப்பட்ட நோட்டை ஒருத்தி நம்பினாள் என்றால் அவளை என்ன சொல்வீர்கள்? சொல்லுங்கள், பரவாயில்லை. அது நான்தான். பேர் வர்ணிகா, வயது நாற்பத்து மூன்று. பஸ்களை ஓட்டுகிற மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். இந்த 2071-ல் பஸ்ஸுக்கு டிரைவர் கிடையாது, கண்டக்டர் உண்டு. ஓட்டுவதை இயந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது, படியில் நிற்பவரை உள்ளே தள்ளுவதை இன்னும் கற்கவில்லை.

தாளவாடியிலிருந்து ஆசனூர், திம்பம் வழியாக இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு இறங்கி சத்தியமங்கலத்துக்கு வருகிற காலை பஸ்ஸைப் பதினாறு வருஷமாக ஓட்டியது அந்த மென்பொருளின் நாலாம் பதிப்பு. மலைக்காரர்கள் அதற்கு மாரண்ணன் என்று பேர் வைத்திருந்தார்கள். எந்த மாரண்ணன் என்று யாருக்கும் தெரியாது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மாரண்ணனுக்கு மலையில் தெரியாத ஆள் இல்லை, தெரியாத யானையும் இல்லை. யானை ஓரமாக நின்று மூங்கில் தின்றால் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். யானை காதை விடைத்தால் வண்டியைப் பின்னுக்கு எடுத்து நிற்கும்.

ஆகஸ்டு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமையோடு நாலாம் பதிப்பின் சான்றிதழ் முடிந்தது. இனி எல்லா பஸ்ஸிலும் பதினொன்றாம் பதிப்புதான் ஓட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. புது பஸ்ஸும் வந்தது. மாரண்ணனின் பழைய பஸ்ஸை அன்றைக்கே எடைக்குப் போட்டுவிட்டார்கள். புதுசு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் புது மாப்பிள்ளை பயம். இருநூறு மீட்டருக்குள் யானை வாடை அடித்தாலே நின்றுவிடும், யானை சாப்பிட்டு முடித்துக் கிளம்புகிற வரைக்கும் நிற்கும். யானை சாப்பாடு என்ன நம் டிபன் மாதிரியா, பத்து நிமிஷத்தில் முடிய?

ஆசனூரில் ஷன்மதி டீச்சர் என்று ஒருவர், அறுபத்தொரு வயது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை பத்து மணிக்குள் சத்தி ஆஸ்பத்திரியில் டயாலிஸிஸ் மெஷினில் படுக்க வேண்டும். தாமதமானால் முறை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவர்கள் மேலும் தப்பில்லை, மெஷின் நாலு, ஆள் முப்பது. புது பஸ் வந்த முதல் வியாழக்கிழமை பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தது. முறை போய்விட்டது. சனிக்கிழமையும் அதே கதை. அன்றைக்கு டீச்சர் வீங்கின காலோடு எங்கள் டிப்போவுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். இன்று மாலை கடைசி ஆளுக்கு அப்புறம் கெஞ்சிக் கூத்தாடி அரை முறை வாங்கியிருக்கிறேன், இன்னும் இரண்டு முறை தவறினால் எனக்கு இந்த பஸ்ஸே தேவைப்படாது என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சுற்றறிக்கையை எடுத்து மறுபடி படித்தேன். எல்லா பஸ்ஸிலும் பதினொன்றாம் பதிப்பு ஓட வேண்டும். சரி. அதற்கு உள்ளே என்ன ஓடக் கூடாது என்று ஒரு வரி இல்லை. எழுதினவர் யாரோ, நல்லா இருக்கட்டும்.

எங்கள் பஸ் கண்டக்டர் ரித்திஷண்ணனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஐம்பத்து நாலு வயது, வாயில் எப்போதும் விசில், சட்டைக்கு வெளியே எப்போதும் தொப்பை. அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டியிருந்தது. பதினொன்றாம் பதிப்புக்குள்ளே பழைய பஸ் மாதிரியே ஒரு பொய் பஸ்ஸை மென்பொருளாலேயே கட்டுவேன். அதற்குள் மாரண்ணனை உட்கார வைப்பேன். அது ஸ்டீயரிங் என்று நினைத்துத் திருப்புவது நிஜ ஸ்டீயரிங்குக்கு வந்து சேரும். வண்டிக்குள் கேட்கிற சத்தம், ரோடு, ஆள் எல்லாம் அதற்குள் போகும். மோதாமல் விழாமல் பார்த்துக்கொள்வது மட்டும் பதினொன்றின் வேலை. எங்கள் தொழிலில் வெளியே இருப்பதை வீட்டுக்காரர் என்போம், உள்ளே இருப்பதை விருந்தாளி என்போம்.

அவர் விசிலை எடுத்துவிட்டு யோசித்தார்.

"விருந்தாளிக்குத் தெரியுமா அம்மிணி, தான் விருந்தாளின்னு?"

"தெரியாதுங்ணா. தெரியக் கூடாது. இந்த வித்தையே அதுதான்."

"அப்போ நம்ம வீட்டுக்கு வர்ற என் மச்சான் மாதிரி," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பொய் பஸ்ஸைக் கட்டினேன். பழைய பஸ் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமே, கம்ப்ளைண்ட் நோட்டை எடுத்தேன். பதினாறு வருஷம், பக்கத்துக்குப் பக்கம் வண்டி நலம். பரவாயில்லையே என்று மகிழ்ந்து, கம்பெனி வரைபடத்தில் இருக்கிறபடி ஒரு குறையும் இல்லாத பஸ்ஸைக் கட்டினேன். சாயங்காலம் ஆளில்லாமல், நானும் ரித்திஷண்ணனும் மட்டும் ஏறிக்கொண்டு, திம்பத்திலிருந்து இறக்கிப் பார்த்தோம்.

மேலிருந்து இரண்டாவது வளைவிலேயே வண்டி வலப்பக்கமாகப் பள்ளத்தைப் பார்த்துப் போனது. பதினொன்று பிரேக்கைப் போட்டது. புண்ணியவான். நான் கம்பியைக் கட்டிப்பிடித்திருந்தேன். ரித்திஷண்ணன் எனக்கு முன்னால் இருந்த கம்பியை.

மூச்சு வந்ததும் அவர் சொன்னார், பழைய வண்டிக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுக்குமே, மாரண்ணன் வலப்பக்கம் கொஞ்சம் கூடவே ஒடிச்சு ஒடிச்சுப் பழகிருச்சே என்று. நோட்டில் இல்லையே என்றேன். ஆடு திருடினவர் மாதிரி முழித்தார். வேறு என்ன நோட்டில் இல்லை என்று கேட்டேன்.

அங்கேயே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து ஜாதகம் வாசிக்கிற மாதிரி வாசித்தார். கதவு ரெண்டாம் தரம்தான் மூடும். வேகம் காட்டுகிற முள் மூணு குறைச்சுக் காட்டும். ஏத்தத்துல பின் பேட்டரி சுணங்கும். பனி இறங்கினா வலப்பக்க கேமராவுக்குக் கண் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால், இதை நான் சொன்னதா எழுதிராத அம்மிணி என்றார். அவருக்கு அந்தக் கோளாறுகள் மேல் ஒரு பெருமையே இருந்தது. சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார்.

வீட்டுக்குப் போகாமல் அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொய் பஸ்ஸில் கட்டினேன். இருபது வருஷ சர்வீஸில் நல்ல வண்டியைக் கெடுக்க உழைத்தது அதுதான் முதல் தடவை. திங்கள்கிழமை மத்தியானம் மறுபடி ஆளில்லாமல் இறக்கினோம். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இருபத்தேழு வளைவும் இறங்கியது. ஒன்பதாம் வளைவில் ஒற்றைக் கொம்பன் ஒன்று முதுகைக் காட்டி நின்றது, மாரண்ணன் விளக்கை அணைத்து மெல்லத் தாண்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. மாரண்ணனின் சான்றிதழ் ஒரு செவ்வாய்க்கிழமையோடு முடிந்தது என்றேன் இல்லையா, அதற்கு அடுத்த நாள் என்று தெரிந்தால் அது தானாகவே ஓட மறுத்துவிடும். அதனால் அந்தக் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலையில் அது எப்படி இருந்ததோ அந்த நிலையின் நகல் டிப்போ சேமிப்பில் இருந்தது, அதை எடுத்து வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் அந்த நகலை எழுப்ப வேண்டியது, ஓடி முடித்ததும் அழிக்க வேண்டியது. உள்ளே கடிகாரமும் அதே செவ்வாயைத்தான் காட்டும். உள்ளே நடப்பதையெல்லாம் வீட்டுக்காரர் பதினொன்று தன்னிடம் எழுதி வைத்துக்கொள்ளும், விருந்தாளி அழித்தாலும் அதனிடம் இருக்கும். அதை யார் உட்கார்ந்து படிப்பது, எனக்கு வேறு வேலை இல்லையா.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கு டீச்சர் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார். வியாழனும் அப்படியே. சனியும்.

மற்ற நாளில்தான் வேடிக்கை. மலையில் செவ்வாய்தான் சந்தை நாள். மாரண்ணனுக்கோ எல்லா நாளும் செவ்வாய். சந்தைக் கூடைக்காரர்கள் நிற்கிற இடமெல்லாம் நின்று, ஆளே இல்லாத புளியமரத்தடியில் கதவைத் திறந்து காத்திருந்துவிட்டுப் போகும். ஆசனூரில் டீச்சருக்காக நிற்கும். டீச்சர் வந்தால்தான் கிளம்பும், ரித்திஷண்ணன் தொண்டை வற்ற விசிலடித்தாலும் நகராது. முதல் புதன்கிழமை டீச்சர் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடி வந்து, இன்னைக்கு இல்ல, நீ போ என்று பிரஷ்ஷோடு கை காட்டினார். உடனே கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து டயாலிஸிஸ் இல்லாத நாளிலும் ஏழேகாலுக்கு வாசலுக்கு வந்து கை காட்டி அனுப்புவது அவருக்கு ஒரு வேலையானது.

ரித்திஷண்ணனும் திருந்தவில்லை. பதினாறு வருஷப் பழக்கம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவை ஒரு உதை உதைப்பார். புதுக் கதவு, தானாக மூடும், எதற்கு உதைக்கிறீர்கள் என்று நான் கத்துவேன். கால் கேட்க மாட்டேங்குது அம்மிணி என்பார்.

ஒரு சனிக்கிழமை வண்டியைப் பார்க்க நானும் மலையிலிருந்தே ஏறி வந்தேன். டீச்சர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தினமும் அழிக்கிறாயாமே, உண்மையா என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். அவர் கணக்கு டீச்சர், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்.

"அப்போ அதுக்கு நேத்துன்னு ஒண்ணு கிடையாது."

"கிடையாதுங்க டீச்சர்."

"நாளைக்குன்னும் ஒண்ணு கிடையாது."

எனக்குச் சுருக்கென்றது. அது மென்பொருள் டீச்சர், அதற்கு ஒன்றும் தெரியாது என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி, மெஷின்ல நாலு மணி நேரம் படுத்திருக்கறப்போ எனக்கும் அப்படித்தான் இருக்கும், ஒரே நாளைத் திரும்பத் திரும்ப வாழற மாதிரி என்றார். பிறகு அவரே பேச்சை மாற்றி, கடலை உருண்டை கொடுத்தார். அவருக்கு அது ஆகாது, எனக்காக வாங்கி வைத்திருந்தார்.

முப்பத்தெட்டு நாள் இப்படி ஓடியது. முப்பத்தொன்பதாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து பிரணவ் என்று ஒரு ஆய்வாளர் வந்து இறங்கினார். மற்ற மலை பஸ்களெல்லாம் யானைக்கு நின்று தாமதமாக வரும்போது இந்த ஒரு பஸ் மட்டும் எப்படி நேரத்துக்கு வருகிறது என்று அவர்களுக்குச் சந்தேகம். நேரத்துக்கு வந்தால்தான் எங்கள் கம்பெனியில் விசாரணை வரும்.

அன்று வெள்ளி. ஆய்வாளர் தாளவாடியிலேயே ஏறினார், கூடவே நானும். ஆளில்லாத புளியமரத்தடியில் வண்டி நின்று கதவைத் திறந்தது. ஏன் நிற்கிறது என்று கேட்டார். காத்து ஏறட்டும்னுங்க சார் என்றார் ரித்திஷண்ணன். ஆசனூரில் டீச்சர் வாசலில் நின்று கை காட்டினார், வண்டி கிளம்பியது. ஆய்வாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை.

டிப்போவில் உட்கார்ந்ததும் உள்ளே என்ன ஓடுகிறது என்று நேரடியாகக் கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், டீச்சரையும் சேர்த்து. அவர், பதினொன்று எழுதி வைத்திருக்கும் பதிவைத் திறக்கச் சொன்னார். விருந்தாளி உள்ளே என்ன செய்கிறது, ஆபத்தாக ஏதாவது செய்ததா என்று அவர் பார்க்க வேண்டும். அதில் ஒரு வரி பிசகினாலும் மாரண்ணனை அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள். அடுத்த நாள் சனிக்கிழமை, டீச்சருக்கு மெஷின். திறந்தேன்.

நாலாம் பதிப்புக்கும் ஒரு கம்ப்ளைண்ட் நோட்டு உண்டு, எங்களைப் பார்த்துக் கற்றது. பயணம் முடிந்ததும் அதில் ஒரு வரி எழுதும். முப்பத்தொன்பது நாளுக்கும் "வண்டி நலம்" என்றுதான் இருந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஆய்வாளர் விரலை வைத்து, இது என்ன என்றார். ஒவ்வொரு நாளும் அதற்கு மேலே ஒரு பதிவு எழுதப்பட்டு, பிறகு அடிக்கப்பட்டிருந்தது. விருந்தாளி அடித்ததை வீட்டுக்காரர் பத்திரமாக வைத்திருந்தார்.

முதல் நாள் பதிவைப் படித்தேன்.

"காலை 7.52, இருபத்தைந்தாம் வளைவு. இதுவரை எல்லா நிறுத்தத்திலும் கண்டக்டர் உதைத்த பிறகும் கதவு இரண்டாம் தரம்தான் மூடுகிறது. என் கதவு உதைத்தால் முதல் தரமே மூடும். இது என் வண்டி இல்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. எழுதினால் வண்டி நின்றுவிடும். டீச்சர் வண்டியில் இருக்கிறார்."

அதற்குக் கீழே: "9.10. டீச்சர் ஆஸ்பத்திரியில் இறங்கினார். வண்டி நலம்."

அடுத்த நாள் படித்தேன். அடுத்த நாள், அதற்கடுத்த நாள். டீச்சர் வராத நாளில் மட்டும், டீச்சர் கை காட்டினார், மற்றவர்கள் இருக்கிறார்கள் என்று இருந்தது. மற்றபடி அதே வளைவு, அதே வரி. தினமும் ஒன்றும் தெரியாமல் எழுந்திருக்கிறது. தினமும் மேலிருந்து மூன்றாவதான அந்த வளைவில் கண்டுபிடித்திருக்கிறது. தினமும் அடித்துவிட்டு ஓட்டியிருக்கிறது.

நான் அழுதேன். இந்த முறை வெயில் என்று சொல்லவில்லை. வாசலில் நின்றிருந்த ரித்திஷண்ணன் எட்டிப் படித்துவிட்டு, உதைச்சா பழைய கதவு முதல் தரமே மூடும்ங்கறதை உங்கிட்ட சொல்லலையே அம்மிணி, கம்பெனி கதவை உதைக்கறேன்னு எப்படிச் சொல்றது என்றார்.

ஆய்வாளர் முப்பத்தொன்பது நாளையும் தானே ஒரு முறை உருட்டிப் பார்த்தார். பிறகு மேஜைமேல் கிடந்த காகிதக் கம்ப்ளைண்ட் நோட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

எழுதி என் பக்கம் தள்ளினார். "வண்டி நலம். தேதி மட்டும் நாற்பத்தைந்து நாள் பின்தங்கியுள்ளது. சரி செய்யவும். மலைப்பாதை என்பதால் நாலாம் பதிப்புக்கு விலக்கு பரிந்துரைக்கிறேன்."

விலக்கு கேட்டாலே கிடைத்திருக்குமா என்று கேட்டேன். கேட்டிருக்கலாமே என்றார். கேட்டு ஒன்று கிடைத்த வரலாறு எங்கள் டிப்போவில் இல்லை, எனக்கு எப்படித் தெரியும்? நாலு நாளில் ஆறு மாதத்துக்கு விலக்குக் கடிதம் வந்தது. அந்த நாலு நாளும் மாரண்ணன் பழையபடி செவ்வாயிலேயே ஓடியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், வண்டி காலியானதும் டிப்போவில் உட்கார்ந்து மாரண்ணனுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பழைய பஸ் போய்விட்டது, நீ புது பஸ்ஸுக்குள் இருக்கிறாய், தினமும் அழித்தது நான்தான், மன்னித்துக்கொள். கதவுக் கோளாறு, ஸ்டீயரிங் கோளாறு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், அது ஒரு மணி நேரம் ஆளில்லாமல் ஓடிப் பழகிக்கொண்டது. பதினொன்று வைத்திருந்த அத்தனை நாளையும் எடுத்து அதன் நினைவில் வரிசையாக வைத்தேன். கடைசியாகக் கடிகாரத்தைத் திருப்பினேன். பதில் ஒரு வரிதான் வந்தது: "ஸ்டீயரிங் நேராக இருக்கிறது. நன்றி."

மறுநாள் புதன்கிழமை. டீச்சருக்கு முந்தின நாளே போன் பண்ணி, இனிமேல் அதற்குக் கிழமை தெரியும், நீங்கள் வாசலுக்கு வர வேண்டாம், நன்றாகத் தூங்குங்கள் என்று சொல்லியிருந்தேன். சரி என்றார். நான் பார்க்க வேண்டும் என்று பஸ்ஸில் ஏறியிருந்தேன். புளியமரத்தடியில் வண்டி நிற்கவில்லை, நேராகப் போனது. ரித்திஷண்ணன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஆசனூரில் இறங்க யாரும் இல்லை, ஏறவும் யாரும் இல்லை. வண்டி நின்றது. கதவு திறந்தது. கடிகாரம் பிசகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். புதன் என்றுதான் இருந்தது.

அதற்குள் பல் விளக்கும் பிரஷ்ஷோடு டீச்சர் வாசலுக்கு வந்து, "இன்னைக்கு இல்ல, நீ போ," என்று கை காட்டினார்.

கதவோர ஸ்பீக்கரில், "தெரியும் டீச்சர்," என்றது மாரண்ணன்.

ரித்திஷண்ணன் கதவை ஒரு உதை உதைத்தார், முதல் தரமே மூடிக்கொண்டது. சத்திக்கு நாலு நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். ஏன் தாமதம் என்று நோட்டில் காரணம் எழுத வேண்டும். நான் வண்டி நலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.